நாங்கள் திறந்துவிட்ட கதவு

எங்கள் வீட்டில் நோயாளி தானாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனதில்லை. என் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். பேசி முடிந்ததும் மருத்துவர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, நோயாளிக்கு முன்னால் கதவை அடைந்து, பித்தளைக் கைப்பிடியை அழுத்தித் திறந்துவிட வேண்டும். வந்தவர் கப்பல் முதலாளியானாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரானாலும் ஒரே மரியாதை. "இந்த வியாதிக்காரன் தலை குனிஞ்சுதான் உள்ள வருவான். போறப்பவாவது நிமிர்ந்து போகட்டும்" என்பார் அப்பா. ஜெர்மனியின் வடகோடியில் எங்கள் ஃப்ளென்ஸ்பர்க் ஊரில் ஹார்ம்சன் வீட்டு வைத்தியம் என்றால் கைநேர்த்தியோடு இந்தக் கதவையும் சேர்த்தே சொல்வார்கள். மூன்று தலைமுறை. மூவரும் சிறுநீரியல் அறுவை மருத்துவர்கள்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

நான்காவது தலைமுறை என் மகள் வீப்கெ. ஆறு ஆண்டு மருத்துவம், ஐந்து ஆண்டு சிறுநீரியல் பயிற்சி, எல்லாம் முறையாக முடித்தாள். சிறுநீரகம், சிறுநீர்ப்பை, புராஸ்டேட் சுரப்பி எதைத் தொட்டாலும் என் அப்பாவின் விரல்கள் அவளிடம் இருந்தன. அதன்பிறகு, யாரும் கேட்காமலேயே, தெற்கே ஒரு பல்கலைக்கழக ஊருக்குப் போய் இன்னும் ஒன்றரை ஆண்டு ஆண்கள் நல மருத்துவம் படித்தாள். நுண்ணோக்கியில் விந்தணு எண்ணுவது, ஹார்மோன், மயிரிழையைவிட மெல்லிய நூலால் விந்துக்குழாயைத் தைத்து இணைப்பது, பிறகு பேச்சு. எதைச் சொல்ல ஆண்கள் கூசுகிறார்களோ அதைப் பற்றிய பேச்சு.

மருத்துவமனையில் என் பழைய சகா ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "இந்தக் கைய வச்சுக்கிட்டு ஆபரேஷன் ரோபோ முன்னாடி உக்காந்தா அஞ்சு வருஷத்துல தலைமை டாக்டர் ஆயிடலாம். உங்க பொண்ணு என்னடான்னா விந்தணு எண்ணப் போறா!"

உள்ளுக்குள் அவர் பக்கம்தான் இருந்தேன்.

திரும்பி வந்து எங்கள் வீட்டின் தரைத்தளத்தில், என் ஆலோசனை அறையிலேயே உட்கார்ந்தாள். முதல் நாள் வந்த மீன்படகுக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, "டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டாராம். "வந்தாச்சு. உக்காருங்க" என்றாளாம். முன்மேசையில் முப்பது வருடமாக இருக்கும் யெசன் அம்மா இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வாரம்தான் சாப்பாட்டு மேசையில் வீப்கெ அதைச் சொன்னாள்.

"அங்க முதல் வாரம் என்ன சொல்லித் தந்தாங்க தெரியுமாப்பா? எழுந்திருக்காம இருக்கறதுக்கு."

"என்ன பாடம் அது?"

"ஆம்பள வந்து பத்து நிமிஷம் மூத்திரம், முழங்கால், மழைன்னு பேசுவாரு. உண்மையான விஷயம் வராது. எழுந்து, நமக்கு முதுகக் காட்டி, கதவுக் கைப்பிடியில கை வைப்பாரு பாருங்க, அப்பத்தான் வரும். மூஞ்சியப் பாக்க வேண்டாம், கையில பிடிக்க ஒண்ணு இருக்கு, ஓட வழியும் இருக்கு. அந்த நேரத்துல டாக்டர் அசையவே கூடாது. நடிகர்கள வச்சு, கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து பரீட்சை வச்சாங்க. ரெண்டு தடவ எழுந்து ஓடிப் போய்க் கதவத் திறந்து ஃபெயில் ஆனேன்! ஹார்ம்சன் ரத்தம், என்ன பண்றதுன்னேன். ஒரே சிரிப்பு."

அவளும் சிரித்தாள். நான் முள்கரண்டியைத் தட்டில் வைத்தேன். எனக்கு ஒரு கை ஞாபகம் வந்தது.

போன அக்டோபரில் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. பிப்ரவரியில் எனக்கு எண்பது ஆகிறது. புதிதாகக் கட்டிய அறுவை அரங்குக்கு எங்கள் குடும்பப் பெயரை வைக்கிறார்கள். என் நானூற்றுப் பன்னிரண்டு புராஸ்டேட் அறுவைகளுக்கான மரியாதை. விழாவில் பேச வேண்டியவள் வீப்கெ.

அந்த நானூற்றுப் பன்னிரண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆணுறுப்புக்குப் போகும் நரம்புகளை வெட்டாமல் புற்று வந்த புராஸ்டேட்டை மட்டும் எடுக்கும் முறை அப்போது புதிது. எங்கள் பக்கத்தில் அதை முதலில் செய்தவர்களில் நானும் ஒருவன். உயிரும் போகாது, இல்லறமும் போகாது என்பதுதான் அந்த முறையின் வாக்கு. ஆகவே ஒவ்வொரு நோயாளியின் கார்டிலும் ஒரு கட்டம் வைத்திருந்தேன்: இல்லறம். ஆண்டுக்கொரு முறை வரும்போது அதை நிரப்ப வேண்டும். நிரப்பினேன். அந்த எண்களை மாநாடுகளில் சொன்னேன். வடக்கு முழுவதிலுமிருந்து ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

கடிதம் வந்த வாரத்தில்தான் கைப்பிடி அசைய ஆரம்பித்தது.

புதன்கிழமை பிற்பகலில் எங்கள் ஊர் மருத்துவர்கள் கதவை அடைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் நான் கீழே இறங்கி என் பழைய நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பது வழக்கம். நான்கு மணிக்குக் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. அப்படியே நின்றது. பிறகு மேலே வந்தது. கதவு திறக்கவில்லை.

பழக்கத்தில் எழுந்து போய்த் திறந்தேன். நடைவழியில் யாரும் இல்லை. வெல்டிங் வைத்த இரும்பின் கருகல் வாடை மட்டும் லேசாக இருந்தது.

அடுத்த புதனும் அதேபோல். கணக்கு முடிக்க வந்திருந்த யெசன் அம்மாவிடம் யார் வந்தது என்று கேட்டேன்.

"யாரும் வரல பெரிய டாக்டர். பழைய வீடு, கடல் காத்து. நீங்க வேற!"

பூட்டுக்காரரை வரவழைத்தேன். அவர் கைப்பிடியைக் கழற்றி, எண்ணெய் விட்டு, மாட்டினார். "இது இன்னும் நூறு வருஷம் வரும் சார். உங்களத்தான் ஒரு டாக்டர் பாக்கணும்" என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்த புதன் நான்கு மணிக்கு, எண்ணெய் விட்ட கைப்பிடி சத்தமே இல்லாமல் இறங்கியது.

யாரென்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

எக்கெர்ட் லூர். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். தொண்ணூற்றொன்றாம் ஆண்டில் அவருக்கு அறுவை செய்தபோது நாற்பத்தொன்பது வயது. பெரிய தோள், சின்னக் குரல். நான்கு ஆண்டு தவறாமல் வந்தார். "எப்படி இருக்கீங்க?" என்பேன். "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்பார். ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கும். "வேற குறை எதுவும் இல்லையே?" என்று கார்டைப் பார்த்தபடி கேட்பேன். கேள்வியிலேயே பதிலை வைத்துத்தான் கேட்பேன். அவர் தலையாட்டுவார். இல்லறம் என்ற கட்டத்தில் "குறை இல்லை" என்று எழுதுவேன்.

கடைசி முறை, தொண்ணூற்றைந்து அக்டோபரில், புதன்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு வரலாமா என்று அவரே கேட்டிருந்தார். வேலை நேரத்துக்காக என்று நினைத்தேன். காத்திருப்பு அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதற்காக என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதே கேள்வி, அதே தலையாட்டல். எழுந்தார். தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கதவை நோக்கி நடந்தார், மிக மெதுவாக. நான் சுற்றி வந்து முந்திக்கொண்டேன். அவர் கை கைப்பிடிக்கு நீண்டபோது என் கை அங்கே இருந்தது. அவர் கை என் கைமேல் படிந்தது. உடனே எடுக்கவில்லை. கனமான, தீப்பொறித் தழும்புகள் நிறைந்த கை. நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அடுத்த வருஷம் பாப்போம்" என்று கதவைத் திறந்துவிட்டேன்.

நவம்பரில் அவரைக் கடலிலிருந்து எடுத்தார்கள். கப்பல் தளத்தின் கடைசித் தூணருகே, காலணிகளை ஜோடியாக வைத்துவிட்டு இறங்கியிருந்தார்.

டிசம்பரில் அவர் மனைவி ஹெடா வந்து இதே அறையில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாருங்களா டாக்டர்? நாலு வருஷமா அந்த மனுஷன் என் பக்கம் திரும்பிக்கூடப் படுக்கல. நான் கோவிச்சுக்கிட்டதே இல்ல. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"குறை எதுவும் சொல்லவில்லை அம்மா. அறுவை முழு வெற்றி. புற்று ஒரு துளியும் இல்லை" என்றேன்.

அவர் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். எழுந்தார். அவருக்கும் கதவைத் திறந்துவிட்டேன். பிறகு லூரின் கார்டை எடுத்து, "இறப்பு, நீரில் மூழ்கி. புற்று இல்லை" என்று எழுதி, நானூற்றுப் பன்னிரண்டில் அவரையும் சேர்த்தேன். வெற்றிகளின் பக்கத்தில்.

விழா வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பு, புதன் பிற்பகல், வீப்கெ என்னைக் கீழே அழைத்தாள். என் நாற்காலியில் அவள் இருந்தாள். நான் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் இருக்கை இவ்வளவு தாழ்வு என்று அதுவரை எனக்குத் தெரியாது. மேசைமேல் என் கார்டுப் பெட்டிகள்.

"எல்லாத்தையும் பாத்தேன்பா. நானூத்திப் பன்னெண்டுலயும் 'குறை இல்லை.' ஒண்ணுகூட விடாம."

"அதனாலதான் பேர் வைக்கிறாங்க."

"அது நடக்காதுப்பா. உலகத்துல எந்தக் கைக்கும் நடக்கல. எவ்வளவு நல்லாச் செஞ்சாலும் நிறையப் பேருக்குக் கஷ்டம் இருக்கும். நீங்க கேட்டீங்களா?"

"யாரும் எதுவும் சொல்லல."

"கேட்டீங்களான்னு கேட்டேன்."

"அப்பன விசாரிக்கற வழக்கம் இந்த வீட்டுல இல்ல வீப்கெ."

"வெள்ளிக்கிழமை நான் எழுந்து நின்னு இந்த எண்ணச் சொல்லணும். உங்க பழைய ஆளுங்க எங்கிட்ட வர்றாங்கப்பா. யாருன்னு சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் மனசுல வச்சிருந்து இந்தக் கதவுகிட்ட நின்னு சொல்றாங்க. அவங்களும் அன்னைக்கு முன்வரிசையில கைதட்ட உக்காந்திருப்பாங்க. அவங்க முன்னாடி நான் எப்படிச் சொல்றது?"

"சொல்ல முடியலன்னா விடு. பேச வேற ஆள் இல்லாமலா போச்சு? உன் தாத்தா பேருக்கு நீ செய்யற மரியாதை இவ்வளவுதான்னு நினைச்சுக்கறேன்."

எழுந்தேன். அவள் எழுந்து வருவாள் என்று எதிர்பார்த்தேன். எந்தக் கோபத்திலும் எங்கள் வீட்டில் அது தவறாது. நாற்காலி அசையும் சத்தம் கேட்கவில்லை. அந்த அறையிலிருந்து வாழ்நாளில் முதன்முறையாக ஒரு நோயாளிபோல, திறந்துவிட ஆளில்லாமல், கதவை நோக்கி நடந்தேன். இவ்வளவு தூரமா அது?

சுவர்க் கடிகாரம் நான்கு அடித்தது.

கைப்பிடியில் கை வைத்தேன். பிப்ரவரிக் குளிரில் பித்தளை வெதுவெதுப்பாக இருந்தது, சற்றுமுன்தான் யாரோ பிடித்து விட்டதுபோல. கருகல் வாடை வந்தது. பின்னால் என் மகள் அசையவில்லை. அவளுடைய ஒன்றரை ஆண்டுப் படிப்பு முழுவதும் அந்த அசையாமையில் இருந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது.

"லூர்னு ஒருத்தர் வந்துட்டிருந்தாரு" என்றேன். கதவின் மரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "வெல்டர்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புதன்கிழமை வரலாமா என்று கேட்டதை, தொப்பியை, கையை, தூணருகே வைத்திருந்த காலணிகளை, ஹெடா கேட்டதை, நான் சொன்னதை. "நான் கேக்கல வீப்கெ. ஒருத்தரக்கூடக் கேக்கல. சொல்லிடுவாங்களோன்னு ஓடிப்போய்க் கதவத் திறந்தேன். மரியாதைன்னு நினைச்சேன். மரியாதையும்தான். ஆனா அதுமட்டும் இல்ல."

கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை அந்த எண்ணச் சொல்லாத. அவரோட கார்டப் படி. ஹார்ம்சன் கேக்கலன்னு சொல்லு. அதுக்கப்புறமும் நம்ம பேர்ப் பலகைய மாட்டணும்னா மாட்டட்டும்."

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"நோயாளி பேர நான் சொல்ல முடியாதேப்பா."

"அவர் பேரு வேண்டாம். என் பேரச் சொல்லு."

அப்போது என் கைமேல், தழும்புகள் நிறைந்த ஒரு கையின் கனம் இறங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. வீப்கெ மேசைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். கைப்பிடியை அழுத்தினால் கதவு திறந்துவிடும். நான் அழுத்தவில்லை. அந்தக் கை தானாக விலகட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.