காதிலிருந்து வெளியேறிய சுரம்

சலவைக்கூடத்தின் சாப்பாட்டு அறையில், மின்விசிறிக்குப் பக்கத்தில், ஒரு சங்கீதச் சுரம் குடியிருக்கிறது. அதற்கு முன்பு அது அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணின் இடது காதில் இருந்தது. ஆஸ்பத்திரிப் போர்வைகளைப் பிழியும் இயந்திரத்தின் அருகே நின்று நின்று அவள் காதில் ரீங்காரமாக ஏறிக்கொண்டது, தூங்கும்போதுகூட விடவில்லை. காது டாக்டர் பழகிக்கொள்ளச் சொன்னார். அவளும் எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டாள், பிள்ளைகளின் வாத்தியங்களுக்கு மட்டும் முடியவில்லை. மகள் செல்லோ என்கிற பெரிய வயலினை வில்லால் வாசிப்பாள், மகன் பியானோ. ரீங்காரம் அவர்களுடைய சுருதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அவர்கள் ஆரம்பித்ததும் இரண்டும் உரசிக்கொண்டு, சோற்றில் கல் கடிபடுவதுபோல் மண்டைக்குள் நறநறக்கும். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாள். அவளுக்குச் சங்கீதமே ஆகாது என்று தெருக்காரர்கள் முடிவுகட்டினார்கள். காரணம் தெரிந்த மகளுக்கும் மனத்தாங்கல் முழுதாகப் போகவில்லை.

இரண்டு பேருக்கும் தொலைவில் ஓர் இசைக்கல்லூரியில் இடம் கிடைத்தது. போவதற்கு முன்னால் அம்மா வேலை செய்யும் இடத்திலேயே ஒரு கச்சேரி வாசிப்பது என்று மகள் ஏற்பாடு செய்தாள். கூட வேலை பார்க்கிறவர்கள் நடுவே உட்கார்ந்தால் எழுந்துபோக வெட்கப்படுவாள் என்பது அவள் நினைப்பு. அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை, நாற்காலியைக் கதவோரமாகப் போட்டுக்கொண்டாள்.

கச்சேரி நடந்த சாப்பாட்டு அறையில் இருந்த பியானோ, மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து வந்தது. நீராவியில் கிடந்து கம்பிகள் துருவேறியிருந்தன. சுருதி சேர்க்க வந்தவர், சரியான உயரத்துக்கு இழுத்தால் எல்லாம் அறுந்துவிடும் என்று, அது இறங்கிக் கிடந்த இடத்திலேயே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வைத்துவிட்டார். இதைப் பிள்ளைகளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. செல்லோ பியானோவிடம் சுருதி வாங்குவதுதான் வழக்கம். தம்பி கட்டையை அழுத்தினான். அக்காவின் முகம் சுருங்கியது. இவ்வளவு கீழே தளர்த்தினால் செல்லோ ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி பேசும் என்றாள்.

“நான் எதுக்குடா எறங்கணும்?”

“அதால ஏற முடியாதுக்கா. நீதான் எறங்கணும்.”

சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினான். கதவோரம் அம்மா எழுந்தாள். கிளம்பிவிட்டாள் என்று மகள் செல்லோ வில்லை மடியில் வைத்துவிட்டாள்.

“அதான்,” என்றாள் அம்மா. “என் காதுல கேக்கறது அதேதான்.”

மகள் தந்திகளைத் தளர்த்தினாள். செல்லோ பியானோவோடு சேர்ந்த கணத்தில் ரீங்காரம் அம்மாவின் காதிலிருந்து வெளியே வந்தது. எல்லோருக்கும் கேட்டது. மேசைகளுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மின்விசிறிப் பக்கம் போய் நின்றது. திங்கட்கிழமை வேலைக்கு இதனால் இடைஞ்சல் வருமா என்று மேனேஜர் விசாரித்தார். வராது என்றார்கள். பிள்ளைகள் வாசித்தார்கள்.

அம்மா அழவில்லை. பசியோடு சாப்பிடுகிறவள்போல் குனிந்து கேட்டாள். முடிந்ததும், இத்தனை வருஷமும் இதைத்தான் வாசித்தீர்களா என்று கேட்டாள். இல்லை, வேறு வேறு என்றான் மகன்.

“அப்ப எல்லாத்தையும் வாசிங்க.”

வாசித்தார்கள். குழந்தைப் பாடங்களிலிருந்து ஆரம்பித்து, மகள் ஒரு காலத்தில் வெறுத்த பயிற்சிகள்வரை. ஆட்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். தப்பு விழுந்த இடங்களை அம்மா இன்னொரு தடவை கேட்டாள், தப்போடேயே வாசிக்கச் சொன்னாள். மகளுக்கு விரல் எரிந்தது. நிறுத்தலாமா என்று தம்பி கண்ணால் கேட்டதற்கு, அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனார்கள், பேர் எடுத்தார்கள். சுரம் இருந்த இடத்திலேயே இருந்தது. காது இரைகிற மற்ற ஆட்கள் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். அங்கே இருக்கும்வரை தலை லேசாக இருப்பதாகச் சொன்னார்கள், அம்மாவைக் கண்டால் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் ஓய்வு பெற்ற அன்று, அதை வீட்டுக்கு எடுத்துப்போகிறீர்களா என்று மேனேஜர் மரியாதைக்குக் கேட்டார்.

“நான் வெச்சிருந்தது போதும் சார். இங்கயே இருக்கட்டும்.”

மேனேஜர் சரி என்றார். ஒட்டடை அடிக்க வருகிறவரிடம், அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் பார்த்து அடிக்கச் சொன்னார்.