சிரட்டை கட்டிய செடி

அன்று மாலை பள்ளியில் தாவரவியல் பாடம் எடுத்துவிட்டு நான் வீடு திரும்பியபோது, முன்னறையில் இருந்த என் ரப்பர் செடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கட்டப்பட்டிருந்தது. தண்டில் சரிவாக ஒரு வெட்டு. அதிலிருந்து வெண்பால் சிரட்டைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

வெட்டியவர் என் மாமனார் யேசுரத்தினம். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பால் வெட்டியவர். ஓய்வு பெற்று மூன்று மாதமே ஆகியிருந்தது. தோட்டத்து மரத்துக்கும் தொட்டியில் வளரும் இந்த அலங்காரச் செடிக்கும் பெயர் மட்டுமே ஒன்று என்பதை நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

"பால் வருமாண்ணு பாத்தேன் மக்களே," என்றார் என்னிடம். "கை வெறுதே இருக்க மாட்டேங்கு."

"மனுசன் ஓய்வு கிட்டினா வேதம் வாசிப்பான்," என்றார் அத்தை குளோரி, அடுக்களையிலிருந்து. "இவரு பூச்சட்டியில பால் வெட்டுகாரு. நாளைக்கு எனக்க கறிவேப்பிலைக்கும் சிரட்டை கெட்டுவாரு."

மாமா சிரிக்கவில்லை. வெட்டு பெருவிரல் பருமனான தண்டைச் சுற்றி வந்து, பட்டையைக் கடந்து மரத்தையும் தொட்டிருந்தது. நல்ல பால்வெட்டுகாரரின் கத்தி மரத்தைத் தொடாது. "எனக்க கை போச்சு," என்று சொல்லி, கத்தியை அத்தையிடம் கொடுத்துவிட்டார். அது எப்போதும் தொங்கும் ஆணி வெறுமையாயிற்று.

கல்லூரி விடுதியில் ஒரு சாண் கொம்பாக நான் நட்ட செடி அது. ஒரே வாரத்தில் மூன்று இலைகள் உதிர்ந்தன. மாமா முன்னறைக்குள் வருவதையே நிறுத்திக்கொண்டார். செடி செத்தால் அவர் இனிக் கத்தியைத் தொடமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அது பிழைக்க வேண்டும்; அவர் கையாலேயே பிழைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், அத்தையிடம் கத்தியைக் கேட்டு வாங்கி, செடியையும் தொட்டியோடு தூக்கிக்கொண்டு அவர் முன் நின்றேன்.

"மாமா, பதியம் போடணும். வெட்டின இடத்தில ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுத்தி எடுத்துத் தாருங்க."

"இன்னும் வெட்டவா? உள்ளதும் போவும் மக்களே."

"அந்தக் காயத்திலதான் வேர் வரும். நான் படிச்சது மட்டும்தான் மாமா. எனக்குக் கை வராது."

கத்தியை வாங்கி, பெருவிரலால் கூர் பார்த்தார். பிறகு பட்டை வளையமாகக் கழன்று வந்தது. புதிதாக மரத்தில் ஒரு கீறலும் விழவில்லை. நான் பாலைத் துடைத்து, நனைத்த தேங்காய் நார்த் தும்பைக் காயத்தைச் சுற்றி வைத்தேன். பிளாஸ்டிக் தாளைச் சுற்ற முயன்றபோது அவர் என் கையை விலக்கினார். மழைக்காலங்களில் வெட்டில் நீர் இறங்காதபடி தோட்டத்து மரங்களுக்குத் தாளைப் பாவாடைபோல் கட்டிப் பழகியவர். ஒரு சொட்டும் கசியவில்லை.

மேலும் இரண்டு இலைகள் உதிர்ந்தன. "சாவப்போற செடிக்குப் பாவாடை ஒரு கேடு," என்றார் அத்தை. நான் விடவில்லை. தும்பு காயும்போதெல்லாம் ஊசிக்குழலால் நீர் செலுத்தினேன். மாமா தினமும் வாசற்படியில் நின்றபடியே, "ஈரம் உண்டா?" என்று கேட்பார், உள்ளே வரமாட்டார்.

ஏழாவது வாரம் தாளுக்குள் வெண்ணிற வேர்கள் தெரிந்தன. கேள்விப்பட்டதும் மாமா உள்ளே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி அணிந்து பார்த்தார். கத்தியை நான் கேட்கும் முன்பே கொண்டுவந்தார்.

வேருக்குக் கீழே ஒரே வெட்டு. மேற்பகுதி என் கையில் வந்தது. அடித்தண்டில் பால் துளிர்த்தது. மாமாவின் கை எதையோ தேடி நீண்டு, என்னைக் கண்டதும் நின்றது.

"இந்தாரும்," என்று அத்தை ஒரு சிரட்டையை நீட்டினார். "அது இல்லாம ஒமக்கு ஒக்காதே!"

மூவரும் சிரித்துவிட்டோம். வேர்விட்ட பகுதியைப் புதிய தொட்டியில் நட்டேன். இலையற்ற அடித்தண்டை மட்டும் மாமா தொட்டியோடு தூக்கிக்கொண்டார்.

"தலையை நீ பாரு மக்களே. தூரை நான் துளிர்க்க வைக்கேன்."

கத்தியைக் கழுவித் துடைத்து, ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனார்.