பதினொரு அஞ்சுகங்கள்

"அஞ்சுகம்" என்று கணவன் மூன்றாவது தடவையாகச் சொன்னபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

பிறந்த மகளுக்குப் பெயர் தேடி ஒரு மாதமாக வீட்டில் பட்டிமன்றம். அவள் சொன்ன இருபது பெயர்களுக்கும் தலையாட்டிவிட்டு, அந்த ஒன்றிலேயே வந்து நின்றான்.

"ரொம்பப் பழைய பேருங்க. இப்ப யாரு வைக்கிறா?"

"பழசுதான் நிக்கும். அஞ்சுகம்னா கிளி. கூப்பிட்டாலே வாய் இனிக்குது பாரு."

"அது சரி. இந்தக் கிளி உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"சும்மா... தோணிச்சு."

சட்டைப் பொத்தானுக்குக்கூட நூலின் நிறம் பார்க்கிற மனுஷன். மகளுக்குப் பெயர் மட்டும் சும்மா தோன்றியதாம். காதில் பூ வைக்க வேறு ஆள் கிடைக்கவில்லையா?

அவள் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். மகளின் பதிவில் பெயர்க் கட்டம் மட்டும் காலி. பெயர் சேர்க்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். எழுதிவிட்டால் மாற்றக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். எவளோ ஒரு பழைய காதலியின் பெயரை ஆயுசு முழுக்கத் தன் வாயாலேயே கொஞ்ச அவள் தயாராக இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தாள். வந்தவள் நேரே பழைய பதிவேட்டு அறைக்குப் போனாள்.

"என்ன தங்கச்சி, வந்ததும் வராததுமா தூசி குடிக்க வந்துட்டே?" என்றார் அறைப் பொறுப்பாளர்.

"ஒரு ஆளைத் தேடணும்ணே."

"உயிரோட இருக்கற ஆளா?"

"இப்போதைக்கு."

கணவன் வளர்ந்தது மர மில்லுக்குப் பின்தெரு. அவன் பிறந்த வருஷத்துக்கு முன்னும் பின்னுமாக நாலு நாலு வருஷம் புரட்டினாள். கிடைத்தாள் ஒருத்தி. அடுத்த ஏட்டில் இன்னொருத்தி. மதியத்துக்குள் பதினொரு அஞ்சுகங்கள், எல்லாரும் அதே தெரு.

ஒருத்தி என்றால் சந்தேகப்படலாம். பதினொன்றை என்ன செய்வது?

எழுத்தர் மூளை விழித்துக்கொண்டது. சினிமாப் பெயர் என்றால் ஊரெல்லாம் முளைக்கும், மறு வருஷமே பட்டுப்போகும். இது ஒரே தெருவை விட்டு நகரவில்லையே, ஏன்? விரல் வரியின் கடைசிக் கட்டத்துக்கு ஓடியது. யாரும் படிக்காத கட்டம் அது. பிரசவம் பார்த்தவர்: மருத்துவச்சி அஞ்சுகம்.

பதினொரு வரியிலும் அதேதான். அவசரமாகக் கணவனின் வரியைத் தேடினாள். அங்கேயும் மருத்துவச்சி அஞ்சுகம். பக்கத்தில் சிவப்பு மையில் குறிப்பு: கால் முன்னே வந்த பிரசவம்.

மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட, தோளில் குழந்தையோடு கணவன் வந்தான். பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி, மருத்துவச்சியின் பெயரில் விரலை வைத்தாள்.

"இது யாருங்க?"

படித்தவன் மெதுவாக உட்கார்ந்தான். "அன்னிக்கு அம்மாவும் நானும் பொழைச்சதே அவங்களாலதான். அந்தத் தெருவுல பொண்ணு பொறந்தா அவங்க பேரைத்தான் வைப்பாங்க. நான் பையனாப் போயிட்டேன். பேத்திக்காவது வைக்கணும்னு அம்மாவுக்கு ஆசை."

"இதை ஏன் மறைச்சீங்க?"

"உங்க அத்தை ஆசைன்னு சொன்னா ஒத்துக்குவியா?"

மாமியார் தேர்ந்தெடுத்த திரைச்சீலை நிறத்துக்கே ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள்.

பேனாவை எடுத்தாள். காலிக் கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: அஞ்சுகம். பிறகு குழந்தையை வாங்கி, "என் கிளியே" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இனிக்கத்தான் செய்தது.

மை உலரட்டும் என்று ஊதியவள், தலை நிமிராமலே கேட்டாள்.

"இந்த ஏடுகள்ல உங்க தெரு அஞ்சுகம் பதினொரு பேரு இருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க எத்தனை பேரு?"

"ஒரே தெருதானேம்மா... எல்லாரையும் தெரியும்."

பதில் வர இரண்டு விநாடி கூடுதலாகத்தான் பிடித்தது. அவள் பதிவேட்டை மூடவில்லை.