வெளுத்துப்போன சக்கரவர்த்தி

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் சில அறைகளைக் கட்டி, வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார் சக்கரவர்த்தி. 1997-ல் அவருக்கு முட்டிவலி. டாக்டரிடம் போகாமல் மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைகளை மிட்டாய் மாதிரி விழுங்கினார். வயிறு புண்ணாகி உள்ளுக்குள் ரத்தம் கசிந்தது. மலம் தார்போலக் கறுத்துப் போனதை மனைவி மணிமொழியிடம் சொல்லக் கூச்சம்.

ஒருநாள் காலை தலை சுற்ற, வாசல் நாற்காலியில் சாய்ந்தார். முகம் காகிதமாய் வெளுத்திருந்தது. கை ஜில்லிட்டது. மூச்சு வாங்கியது. பேசத் தெம்பில்லை.

வாடகைக்கு இருந்த ஜெர்மன்காரி ஹெல்கா பார்த்ததும் கைகூப்பினாள். ஆசிரமமே கதியென்றிருந்த ரிட்டயர்டு அதிகாரி மூர்த்தி நாடி பிடித்தார்.

"குதிரையாட்டம் ஓடுது! குண்டலினி ஏறிடுச்சு. முகத்துல தேஜஸைப் பாருங்க."

"தண்ணி..." என்றார் சக்கரவர்த்தி.

"கங்கையைச் சொல்றாரு!"

பூ வந்தது, ஊதுவத்தி வந்தது. ஒருவேளை நிஜமாகவே நமக்கு ஏதோ சித்தித்துவிட்டதோ என்று அவருக்கே தோன்றியது. ஆசீர்வாதம் பண்ண எழுந்தவர், அப்படியே சரிந்து விழுந்தார்.

கடைக்குப் போயிருந்த மணிமொழி ஓடிவந்து அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சுத்தமாகச் சிவப்பில்லை.

"ஜானி பாய், ஆட்டோவ எடுங்க!" என்று தெருமுனை ஆட்டோக்காரரைக் கூவி அழைத்தாள்.

"சமாதியக் கலைக்காதம்மா," என்று தடுத்தார் மூர்த்தி.

"நெஜமாவே சமாதி கட்டுறதுக்குள்ள வழி விடுங்க சார்!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். "ரத்தம் ஜாஸ்தி போயிடுச்சும்மா. மிச்சம் இருக்கிறதை மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்ப, உடம்பு கை காலுக்குப் போறதைக் கம்மி பண்ணிடுச்சு. அதான் வெளுப்பு, ஜில்லிப்பு. கொஞ்ச ரத்தத்தை வெச்சே சமாளிக்க இதயம் வேகமா ஓடுது. உடனே ரத்தம் ஏத்தணும். யார் குடுக்கறீங்க?"

கூடவே வந்திருந்த மூர்த்திக்கு அன்றைக்கென்று விரதம் ஞாபகம் வந்தது, நழுவினார். ஹெல்கா மறுபேச்சில்லாமல் சட்டைக்கையை மடித்தாள். அவள் ரத்தம் அவருக்குப் பொருந்தியது. ஆட்டோக்கார ஜானி பாஷாவும் கொடுத்தார்.

வாரக்கடைசியில் வீடு திரும்பினால் வாசலில் கூட்டம். ஞானி திரும்பி வருகிறார் என்று மூர்த்தி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சக்கரவர்த்தி தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

"இவருக்கு வந்தது வயித்துப்புண்ணுங்க," என்றாள் மணிமொழி. "கஞ்சி குடிச்சிட்டுப் படுக்கணும். எல்லாரும் போயிட்டு வாங்க."

கேட்டைச் சாத்தினாள். அவர் கொஞ்சம் ஏக்கத்தோடு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கஞ்சி குடிக்க உள்ளே போனார்.