பாக்கெட்டில் போட்ட ஒயர்

ஒயர்கள் தொங்கும் ரப்பர் தொப்பியை டாக்டரம்மா என் தலையில் மாட்டினாள். கையிலும் ஒரு ஒயரை ஒட்டினாள்; அதன் மறுமுனை என் முதுகுக்குப் பின்னால் இருந்த மெஷினில். எனக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை. கம்பெனி அனுப்பிய இடம், கம்பெனி பக்கம்தானே பேசும்?

நான் லிஃப்ட் ரிப்பேர்க்காரன். மேலே ஏறுகிறவன்தான், லிஃப்ட் ஓடாதபடி ஃபியூஸைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். அது எங்கள் வழக்கம். விபத்து நடந்த அன்றைக்குக் கூட்டாளி முந்திக்கொண்டு, "பிடுங்கிட்டேன், ஏறு!" என்று கத்தினான். பிடுங்கியது பக்கத்து லிஃப்டுடையது. மணி அடித்தது, பெட்டி இறங்கியது, என் தோள் நசுங்கியது. அதிலிருந்து மணிச் சத்தம் கேட்டாலே கை விறைத்துவிடுகிறது. இந்தச் சோதனையில் தேறினால் பழைய வேலை. இல்லையென்றால் வாசலில் காவல்.

"ரெண்டு சத்தம் வரும். கனமான சத்தத்துக்கு மட்டும் சுருக்குனு ஷாக் அடிக்கும்."

அடித்தது. கொஞ்ச நேரத்தில், கனமான சத்தம் வந்த உடனே, ஷாக் வருவதற்கு முன்பே, எதிரே இருந்த திரையில் என் மூளையின் அலை பெரிது பெரிதாக எழும்பியது. மெல்லிய சத்தத்துக்கு எழும்பவில்லை.

"மூளை பயத்தைக் கத்துக்கிற தாளம் இது, பெரியவரே."

"தாளம் கிடக்கட்டும். தேறுவேனா?"

"பயப்படறது தப்பில்ல. ஆபத்து போனா அடங்குதான்னுதான் பாக்கணும்." என் முதுகுக்குப் பின்னால் போனாள். "ஒயரைக் கழட்டிட்டேன். இனிமே ஷாக் வராது."

கனமான சத்தம். ஷாக் வரவில்லை. மறுபடியும் சத்தம். அலை இறங்குவேனா என்றது. என் கை கல்லாக இருந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்துவிட்டாள். "அப்பா, அவங்கதான் கழட்டிட்டேன்னு சொல்றாங்கல்ல?"

"அவனுந்தான் சொன்னான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். "எவன்?"

கூட்டாளி கதையைச் சொன்னேன். அவள் ஒயரை மறுபடி செருகி, இன்னொரு ஷாக் கொடுத்துக் காட்டினாள். "இப்ப நீங்களே பிடுங்குங்க."

பிடுங்கினேன். இரண்டு முனையையும் தடவிப் பார்த்துச் சட்டைப் பாக்கெட்டில் திணித்தேன்.

கனமான சத்தம். அலை எழும்பியது. அடுத்ததற்குக் குறைந்தது. அதற்கடுத்து, மெல்லிய சத்தத்துக்கு இருந்த மாதிரியே கிடந்தது. விரல்கள் தானாக விரிந்தன. மகள் உட்கார்ந்தாள்.

"தேறிட்டீங்க. ஏறும்போது ஃபியூஸை இவர்தான் பிடுங்கணும்னு கம்பெனிக்குச் சொல்லிடறேன். ஒயரைக் குடுங்க."

"முதல்ல தொப்பியைக் கழட்டும்மா, அப்புறம் தர்றேன்."