மதிலின் பதினொரு துளைகள்

பள்ளத்தாக்குப் பூங்காவுக்குள் இறங்கும் படிக்கட்டின் ஓரமாக அந்தக் கல்மதில் நின்றது. மேட்டு மண் சரிந்து வராமல் தொண்ணூறு வருடங்களாகத் தாங்கிக்கொண்டிருந்தது. திருத்த வேலைக்கு வந்த முதல் நாளே அதன் அடிப்பக்கத்தில் பதினொரு துளைகள் இருப்பதை அன்புராசா கவனித்தான்.

நாயோடு தினமும் அந்தப் படிகளில் ஏறி இறங்கும் ஜூலி என்ற கிழவிதான் மதிலின் கதையைச் சொன்னாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடந்தபோது, உணவுச் சீட்டுக்காகக் கட்டியதாம். ரொட்டி சுட்டவர்களும் பியானோ திருத்தியவர்களும் உறைந்த மண்ணை வெட்டிக் கல் சுமந்தார்களாம்.

வெள்ளிக்கிழமை நகரசபை மேற்பார்வையாளர் மாக்கஸ் வந்தான். வேலைக்குழுவின் தலைவர் பத்மநாதன் அண்ணை துளைகளைக் காட்டி, சாந்து விழுந்துவிட்டது, எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மாக்கஸ் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினான்.

அன்புராசாவுக்கு மறுப்பு நாக்கு நுனிவரை வந்தது. கிளிநொச்சியில் மதகுச் சுவர் கட்டியவன் அவன். மண்ணில் ஊறும் மழைநீர் வெளியேற விட்ட துளைகள் அவை. அடைத்தால் தண்ணீர் பின்னால் நின்று தள்ளும். உறைந்தால் இன்னும் மோசம். ஆனால் இந்தக் குளிர்நாட்டில் வேலை எடுத்துக் கொடுத்து, வோபர்ன் பகுதியில் தன் வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்ற்றில் அறையும் தந்த அண்ணையை வேற்று ஆளுக்கு முன்னால் எப்படி மறுத்துப் பேசுவது? மாக்கஸ் போகும்வரை பொறுத்திருந்தான்.

"அண்ணை, உது தண்ணி போற ஓட்டையெல்லே?"

"ஓகோ, கிளிநொச்சி எஞ்சினியர் வந்திட்டார்!" அண்ணை சொன்னதும் மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "அவனிட்டைச் சொல்லிப்போட்டன். இனி மாத்திச் சொன்னால் என்ரை மூஞ்சியை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? அடை."

"ஓம் அண்ணை."

பதினொன்றையும் அவனே அடைத்தான்.

குளிர்காலம் கழிந்து, மார்ச்சில் பனி உருகிய ஒரு காலையில் மதில் படிக்கட்டின் மேல் விழுந்தது. நாய் தப்பிவிட்டது. ஜூலி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள்.

விசாரணைக்கு வந்த எஞ்சினியர் ஷிவானி சென்னைப் பெண். இடிபாட்டருகே நின்ற கொட்டகையில் அண்ணையையும் அவனையும் உட்காரவைத்துத் தமிழிலேயே பேசினாள்.

"இதைக் கட்டினவங்க கொத்தனாருங்களே இல்ல. வேலையில்லாம அலைஞ்சவங்க. இத்தனை வருஷம் நின்னதே பெரிசு."

"அதுதான் பிள்ளை," என்றார் அண்ணை, பெருமூச்சு விட்டு. "வயித்துப்பாட்டுக்குக் கட்டினது. கட்டின வேலையே பிழை."

அவள் அதையே எழுதினாள். "வேற ஏதாவது சொல்லணுமா?"

அண்ணை அன்புராசாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். வேண்டாம்.

அன்புராசா மேசையைப் பார்த்தபடி இருந்தான். ரொட்டி சுட்ட யாரோ ஒருவன், விறைத்த விரல்களோடு, ஒவ்வொரு துளையையும் தண்ணீர் தானாக வழியும்படி சற்றுச் சரித்து வைத்திருந்தான். தெரியாததை யாரிடமாவது கேட்டுச் செய்திருப்பான். அவனுக்காகப் பேச இனி யார் வரப்போகிறார்கள்?

"அவையள் சரியாத்தான் கட்டினவையள்," என்றான். "தண்ணி போக ஓட்டை விட்டவையள். நான்தான் அடைச்சனான். என்னத்துக்கு விட்டதெண்டு தெரிஞ்சும் அடைச்சனான்."

ஷிவானி நிமிர்ந்தாள். "யார் அடைக்கச் சொன்னது?"

கொட்டகையின் கூரையில் தூறல் விழத் தொடங்கியிருந்தது. அண்ணை தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறப்பார் என்று அன்புராசா காத்திருந்தான்.

"ஒருத்தரும் சொல்லேல்லை," என்றான் கடைசியில்.

ஷிவானி இன்னொரு தாளை எடுத்து, அவன் சொன்னதை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள். பேனை மேசையின் மறுமுனையில் கிடந்தது. அண்ணை அதை எடுத்து அவன் பக்கம் நகர்த்திவைத்தார்.