மாஸ் லின்வாலின் நாற்காலியை எங்கே வைப்பது

1

இந்தக் கதை என் இடுப்பு வலியில் தொடங்கியது. வேறு காரணம் சொன்னால் கௌரவமாக இருக்கும்தான், யோசித்தும் பார்த்தேன். நடந்தது என்னவோ இதுதான்: ஜமைக்காவின் வடகரையில், போர்ட் மரியாவுக்கு மேலே, என் அடுத்த வீட்டு மாஸ் லின்வால் ('மாஸ்' என்பது இங்கே பெரியவர்களுக்கு மரியாதை) இறந்த ஒன்பதாம் நாள் மதியம் மூன்று மணிக்கு, ஓர் அலமாரியைத் தூக்க ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். போனேன்.

ஒன்பதாம் இரவு இறந்தவர் விடைபெற வருவார். பாட்டு, பொரித்த மீன், ரம் எல்லாம் அவருக்காகத்தான். அவர் வருவதற்குள் வீட்டைத் திருப்பிப் போட்டுவிட வேண்டும். கட்டில் இருந்த இடத்தில் மேஜை, மேஜை இருந்த இடத்தில் அலமாரி. தன் வீடு என்று அடையாளம் தெரிந்துவிட்டால் போகமாட்டார், தங்கிவிடுவார். எங்கள் பக்கத்தில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எனக்கு உண்டு. ஆனாலும் என் அப்பா இறந்தபோது அவர் கட்டிலை நகர்த்தியது நான்தான்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

கடற்காற்றில் அசைந்த வெள்ளைப் பூக்கள் சவப்பெட்டியின் மேல்

பூவே கிடையாது. அடித்துவிட்டேன்.

ஆன்மா என்பது என்ன என்று மனிதன் கேட்கத் தொடங்கிய நாள் முதலாக

இதை எழுதியவன் அலமாரி தூக்கியிருக்க மாட்டான். மூன்றாவதாக வந்தது கொஞ்சம் நின்றது:

மாஸ் லின்வாலுக்குக் கண் தெரியாது. சர்க்கரை வியாதி. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோதே பார்வை முழுக்கப் போயிருந்தது. அதனால் அவர் மனைவி இசில்டா பதினோரு வருடம் எந்தப் பொருளையும் இடம் மாற்றியதில்லை. கட்டிலிலிருந்து கதவுக்கு ஆறு தப்படி, கதவிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு நான்கு.* விருந்தாளி யாராவது நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டு உட்கார்ந்தால், அவர் எழும்வரை காத்திருந்து பழைய இடத்தில் வைப்பாள். நகர்த்தியே தீரவேண்டிய பொருள் என்றால் உரக்க அறிவித்துவிட்டுத்தான் நகர்த்துவாள்: "லின், வாளி இங்க இருக்கு, வலது கால்கிட்ட."

(இந்தப் பழக்கம் பின்னால் வேண்டியிருக்கும். மறைத்து வைக்கிற சாமர்த்தியம் எனக்கில்லை.)

* இவை பழைய எண்கள். புதிய எண்களைப் பற்றி ஒரு தகராறு இருக்கிறது, சொல்கிறேன்.

3

லின்வாலின் அக்கா வெரோனாவை முதல் பிரதியில் கொடுமைக்கார நாத்தனாராக எழுதினேன். சுகமாக இருந்தது. வசனமெல்லாம் தானாக வந்தது.

பிறகுதான் வெரோனாவின் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். புருஷன் இறந்தபோது வீட்டைத் திருப்ப விடாதவள் அவள். அதன்பின் தினமும் மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். மூன்றாம் வருடம் தன் தட்டைத் தொடுவதையும் நிறுத்திக்கொண்டாள். அந்தத் தட்டுகளைச் சாப்பாட்டோடு எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவியது பத்து வயது வெரோனா. அவள் பயமெல்லாம் தம்பியைப் பற்றி அல்ல, தம்பி பெண்டாட்டியைப் பற்றி. ஆக, கொடுமைக்காரி கைவிட்டுப் போனாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

4

"அலமாரிய வச்சுட்டுக் கட்டிலப் பிடிங்க," என்றாள் வெரோனா.

இசில்டா போய்க் கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டாள். "நகத்துனா அவரு விழுந்துடுவாரு, சிஸ்டர்." சபையில் கூப்பிடுகிற மாதிரியே வீட்டிலும் நாத்தனாரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள்.

"செத்தவன் எங்கடி விழுவான்?"

"அவன் ரம் வாசம் புடிச்சே வந்து சேந்துருவான். வீட்டத் திருப்பி என்ன பிரயோஜனம்?" என்றார் டெல்பர்ட். லின்வாலின் டோமினோ கூட்டாளி. அலமாரியின் மறுமுனை அவர் கையில். "ஆனா ஒண்ணு. செத்ததும் கண்ணு தொறந்துரும்னு பாஸ்டரே சொல்லிருக்காரு."

இசில்டா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு வந்துருச்சுன்னே வச்சுக்குவோம். இந்த வீட்ட அவரு ஒரு நாளும் பாத்ததே இல்ல, எப்படி அடையாளம் தெரியும்? கண்ணு வரலயா, நகத்துன சாமான்ல முட்டிக்கிட்டு விழுவாரு. எப்படிப் பாத்தாலும் நகத்தத் தேவையில்ல."

டெல்பர்ட் அலமாரியைக் கீழே இறக்கினார். நானும் இறக்கினேன். எழுத வந்து இருபது வருடமாகிறது, இப்படி ஒரு வாதத்தை நான் கட்டியதில்லை. கதையை இங்கேயே முடித்துவிடலாம் என்றுகூட

வெரோனா இசில்டா பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவன் கட்டிலுக்காகவா வருவான்? உனக்காகத்தான வருவான். உன்னைய எங்கடி நகத்தி வைக்கிறது? கட்டிலயாவது நகத்த விடு."

இசில்டாவின் விழிகள் பனித்தன. [இல்லை. சத்தம் போட்டு அழுதாள், மூக்கைப் போர்வையில் துடைத்தாள்.] ரொம்ப நேரம் கழித்து எழுந்து, "நகத்துங்க," என்றாள்.

5

கட்டில் போனது. மேஜை போனது. அலமாரியை நானும் டெல்பர்ட்டும் கதவருகே கொண்டுவந்தபோது, என் இடுப்பில் ஏதோ பிடித்த அதே நேரம், இசில்டா உரக்கச் சொன்னாள்:

"லின், அலமாரி கதவுகிட்ட வந்துருச்சு. இடது தோளு, பாத்து."

டெல்பர்ட் தன் முனையைக் கீழே வைத்தார்.

"முடிஞ்சுது போ," என்றார் டெல்பர்ட். "வழியே சொல்லிக் குடுத்துட்டா."

வெரோனா அலமாரியை மறுபக்கம் தள்ளத் தொடங்கினாள். "எல்லாத்தையும் மறுபடி மாத்துங்க. யாரும் வாயத் தொறக்கக் கூடாது." மாற்றினோம். இசில்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

வாய் தவறிச் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் உண்மை மாதிரியே இருந்தது. பிரதியை எடுத்துப்போய் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். கட்டிலிலிருந்து கதவுக்கு இப்போது [      ] தப்படி என்ற இடம் வந்ததும் வெரோனா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அத எழுதாதீங்க. யாராச்சும் சத்தமா வாசிச்சா?"

"இருக்கட்டும், எழுதுங்க," என்றாள் இசில்டா, தரையைப் பார்த்தபடி. "அவரு என்ன, வாசிக்கவா போறாரு?"

அடைப்புக்குறியை வெறுமையாக விட்டிருக்கிறேன். கோழைத்தனம்தான்.

6

மறுபடியும் அந்த நாளுக்கு வருகிறேன். நாற்காலி ஒன்றுதான் மிச்சம். ஜன்னலோரம் பழைய இடத்திலேயே நிற்கிறது, சாய்வில் அவர் தலை பட்ட எண்ணெய்க் கறையோடு. இசில்டா ஒரு கையால் வாயைப் பொத்தியிருக்கிறாள், இன்னொரு கை நாற்காலியின் முதுகில். வெரோனா வாசல் பக்கம் விரலை நீட்டுகிறாள், வெளியே என்று. முற்றத்தில் மீன் பொரிகிற சத்தம். இருட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. டெல்பர்ட் ரம் பக்கம் போய்விட்டார், எனக்கு நிமிரவே முடியவில்லை.

அதனால் நீங்கள் வாருங்கள். இவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாயிற்று, இனி நாற்காலியைப் பிடியுங்கள். வெளியே கொண்டுபோனால் அவர் வந்து தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். இருந்த இடத்திலேயே விட்டால் இசில்டா நாளைக்கு இரண்டு தட்டு வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் முடிவை நானே எழுதியிருப்பேன்.

எங்கே வைத்தாலும் சரி, அந்த இடத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். இசில்டா உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.